முகத்துவாரம் வெட்டுவதை எந்தப் பீடம் கற்பிக்க வேண்டும்?

எழுவான்கரை (இழையைத் தொடங்கியவர்)

கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிக்கிறேன். எங்களிடம் பாடத்திட்ட மீளாய்வு நடந்துகொண்டிருக்கிறது. இம்முறை எல்லோர் வாயிலும் இருப்பது "பல்துறைக் கல்வி". முன்வரைவில் உள்ள யோசனை இது: எல்லாப் பீட மாணவர்களுக்கும் பொதுவாக ஒரு பாடநெறி, பதினைந்து வாரம். வாரத்துக்கு ஒரு துறையிலிருந்து ஒருவர் வந்து தன் துறையை அறிமுகப்படுத்துவார். முடிவில் பல்தேர்வு வினாத்தாள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை, ஏன் என்று இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

பதினைந்து அறிமுகங்களைக் கேட்ட மாணவனுக்குப் பதினைந்து துறைகளின் பெயர்கள் தெரியும். ஒரு துறை இன்னொரு துறையைக் கேள்வி கேட்பதை அவன் ஒருபோதும் கண்டிருக்க மாட்டான். துறைகள் மோதுவது ஒரு பொருளின் மேல்தான். அந்தப் பொருளை வகுப்புக்குள் வைக்காமல் துறைகளை மட்டும் வரிசையில் நிறுத்திப் பயனில்லை.

பொருளுக்கு நாம் எங்கும் போகத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தையே எடுங்கள். வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. கடலுக்குத் திறக்கும் வாயை மணல் திட்டு மூடிவிடும். மாரியில் உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் நிரம்பி வான் பாய, வாவியின் மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் நீரில் மூழ்கத் தொடங்கும். விவசாயி "வாயை வெட்டு" என்பார். வாவியில் இறால் பிடிப்பவர் "வாய் வெட்டினால் இறால் போய்விடும், இப்போது வேண்டாம்" என்பார். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் நடக்கும், ஒரு நாள் இயந்திரம் வந்து வெட்டும். எந்த நாளில் வெட்டுவது என்பது நீரியல் கேள்வியா, விலங்கியல் கேள்வியா, சட்டமா, அரசியலா, பொருளியலா? ஒரு துறை மட்டும் விடை சொன்னால் அந்த விடை எவரோ ஒருவரின் வயிற்றில் அடிக்கும்.

என் யோசனை: அந்தப் பொதுப் பாடநெறியை விட்டுவிட்டு, மூன்றாம் வருடத்தில் வெவ்வேறு பீட மாணவர்களை ஒரு குழுவாக்கி, இப்படி ஒரு கேள்வியை அவர்கள் கையில் கொடுப்பது. இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் ஒன்றாக இருந்து கற்பிப்பது. சொல்லுங்கள்.

நீரியல்

நல்ல கேள்வியை எடுத்திருக்கிறீர்கள். நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

எந்த நாளில் வெட்டுவது என்று கணக்கிட நான்கு எண்கள் வேண்டும்: வாவியின் நீர்மட்டம், குளங்களிலிருந்து வரும் நீர், பெய்யப்போகும் மழை, கடல் மட்டம். நம் கரையில் வற்றுப்பெருக்கின் வீச்சு அரை மீற்றர் அளவே. ஆகவே வாவி மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலே வெட்டிய வாயால் நீர் வேகமாக வெளியேறித் தன் வழியைத் தானே அகலப்படுத்திக்கொள்ளும். மட்டம் போதாமல் இருக்கும்போது வெட்டினால் அலை திரும்பவும் மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். பணமும் உழைப்பும் மணலோடு போகும்.

இந்த நான்கு எண்களும் ஒரே அலுவலகத்தில் இல்லை. நீர்ப்பாசனம் ஒன்றை வைத்திருக்கும், வளிமண்டலவியல் ஒன்றை, மீன்பிடியும் கமநலமும் வேறு சிலவற்றை. 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எவரும் மறக்க மாட்டார்கள். அந்த மாதத்தின் எண்களை எல்லா அலுவலகங்களிலிருந்தும் சேர்த்து ஒரே வரைபடத்தில் போடுவதே ஒரு குழுவுக்குப் போதுமான முதல் வேலை. அதற்குப் பொறியியல் தேவையில்லை, பொறுமையும் கடிதம் எழுதத் தெரிவதும் போதும். கலைப்பீடப் பிள்ளைகள் அதை நன்றாகச் செய்வார்கள்.

மூன்றாம் வருடம்

சேர், நான் விவசாய பீட மாணவி. இதை வாசித்ததும் எழுத வேண்டும் போல் இருந்தது.

ஒரே வளாகத்தில் மூன்று வருடமாக இருக்கிறேன். கலைப்பீடத்தில் என் ஊர்ப் பிள்ளைகளைத் தவிர வேறு எவரையும் தெரியாது. அவர்களின் விரிவுரை தமிழில், எங்களுடையது ஆங்கிலத்தில். முதலாம் வருடத்தில் எனக்கு ஆங்கிலம் பெரும் மலையாக இருந்தது. இப்போது மண் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் எழுத வருகிறது, ஆனால் படித்ததை அப்பாவுக்குத் தமிழில் விளக்கச் சொன்னால் திணறுகிறேன். அவர் 40 வருடமாக வேளாண்மை செய்கிறவர். இரண்டு பீடமும் சேர்ந்தால் வகுப்பு எந்த மொழியில் நடக்கும்? ஆங்கிலம் என்றால் கலைப்பீடத்தவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். தமிழ் என்றால் எங்கள் வகுப்பில் உள்ள சிங்கள மாணவர்கள் வெளியே நிற்பார்கள். இதற்கு விடை கண்டுபிடிக்காமல் நேரசூசியைத் தொட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பழைய இரசாயனம்

நான் இந்த யோசனையை எதிர்க்கிறேன். காரணங்களைத் தெளிவாகச் சொல்கிறேன்.

1981 இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது விஞ்ஞானம், விவசாயம் என்ற இரண்டே பீடங்கள். அது 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. அந்தக் காலத்திலிருந்து நம் பிள்ளைகளுக்கு இருந்த பெரிய குறை பல்துறை அறிவு இல்லாதது அல்ல, ஒரு துறையில் ஆழமாக இறங்க வசதி இல்லாதது. போர், இடம்பெயர்வு, மூடப்பட்ட வளாகம், ஆய்வுகூடத்தில் இல்லாத கருவிகள். ஒரு மாணவன் நீரின் உவர்த்தன்மையைச் சரியாக அளக்கக் கற்றுக்கொள்ள முன்னரே அவனை வாவிக் கரையில் கொண்டுபோய் நிறுத்தி "சமூகத்தோடு பேசு" என்றால், அவன் பிழையான எண்ணைச் சமூகத்திடம் கொண்டுபோவான். பிழையான எண் விவசாயியின் வயலை மூழ்கடிக்கும்.

இரண்டாவது, மூன்று ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் இருப்பது. அனுபவத்தில் அதன் பொருள் என்னவென்றால், ஒருவர் பேச இருவர் கைபேசி பார்ப்பது. வேலைப்பளுக் கணக்கில் மூவருக்கும் மணித்தியாலம் எழுதப்படும். இதை எப்படித் தடுப்பீர்கள்?

பல்துறை ஆய்வு பட்டப்பின் படிப்புக்கு உரியது. இளமாணி மாணவனுக்கு ஒரு துறையை முழுமையாகக் கொடுங்கள்.

காரைதீவான்

ஐயா, உங்கள் மேல் மரியாதை வைத்தே மறுக்கிறேன். எங்கள் ஊரில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைத்துப் பாருங்கள். 1916 ஆம் ஆண்டு, ஒரே ஆண்டில், கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் பெற்றவர். பிறகு யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார், இலண்டன் பீ.எஸ்சி. பட்டமும் எடுத்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 இல் முதல் தமிழ்ப் பேராசிரியர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943 இல் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஒரு கையிலும் நரம்பின் அதிர்வெண் கணக்கை மறு கையிலும் வைத்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பை மீட்டுக் காட்டினார். பௌதிகம் தெரியாத தமிழ்ப் பண்டிதர் அதைச் செய்திருக்க முடியாது. தமிழ் தெரியாத பௌதிகவியலாளரும் செய்திருக்க முடியாது.

நம் மண்ணின் மிகப் பெரிய அறிஞர் இளமாணிப் பருவத்திலேயே இரண்டு கரையிலும் நின்றவர். அதைப் பிள்ளைகளுக்கு மறுக்க எந்த நியாயமும் இல்லை.

பழைய இரசாயனம்

தம்பி, அடிகளை நானும் வணங்குகிறேன். ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கே சாட்சி. அவர் பண்டிதர் பரீட்சைக்கு முழுத் தமிழையும் படித்தார், டிப்ளோமாவுக்கு முழு விஞ்ஞானத்தையும் படித்தார். இரண்டையும் தனித்தனியே, அதனதன் கடுமையோடு. "இசையும் அறிவியலும்" என்று மூன்று கிரெடிட் பாடம் படித்து அந்த நூலை எழுதவில்லை. தவிர, அப்படி ஒருவர் ஒரு நூற்றாண்டுக்கு ஒரு முறை வருவார். பாடத்திட்டம் சாதாரண மாணவனுக்காக எழுதப்படுவது.

இறால் குஞ்சு

விலங்கியல் படித்து மீன்பிடித் துறையில் வேலை செய்கிறேன். விவாதத்தில் ஒரு தகவல் ஒரு பக்கமாக நிற்கிறது, திருத்த வேண்டும்.

"வாய் வெட்டினால் இறால் போய்விடும்" என்பது உண்மையின் ஒரு பாதி. வாவியில் பிடிபடும் வெள்ளை இறால் இனங்கள் கடலில் முட்டையிடுகின்றன. நுண்ணிய குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியாகவே வாவிக்குள் வந்து, கண்டற் காடுகளிலும் சாதாளையிலும் வளர்ந்து, பெருத்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே வாய் நெடுநாள் மூடிக் கிடந்தால் அடுத்த பருவத்துக்குக் குஞ்சு வராது. மீனவர் எதிர்ப்பது வெட்டுவதை அல்ல, பிடிக்க வேண்டிய நேரத்தில் வெட்டுவதை. கூட்டங்களில் இந்த வேறுபாட்டை எவரும் கேட்பதில்லை. "மீனவர் எதிர்ப்பு" என்று குறிப்பேட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

பழைய இரசாயனம் ஐயாவிடம் ஒரு கேள்வி. நான் நான்கு வருடம் விலங்கியலை ஆழமாகத்தான் படித்தேன். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, விவசாயிகள் நிறைந்த மண்டபத்தில், இதை விளக்கும் திறனை எனக்கு எந்த வருடம் கற்பித்திருக்க வேண்டும்?

நிந்தவூர் பொறியியல்

அஸ்ஸலாமு அலைக்கும். ஒலுவில் பக்கத்திலிருந்து ஒரு சொல்.

எங்கள் பொறியியல் மாணவர்களுக்கு இது ஆசைக்குச் சேர்க்கும் பாடம் அல்ல. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். அந்த உடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் பல்துறைக் குழுவில் பணியாற்றும் திறன் எழுதப்பட்டிருக்கிறது. பொறியியலாளரின் வேலை சமூகத்தையும் சூழலையும் என்ன செய்யும் என்று மதிப்பிடுவதும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பொறியியல் மாணவர்கள் நால்வரைச் சேர்த்து "பல்துறைக் குழு" என்று அறிக்கை எழுதும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

நாங்கள் வளர்ந்த கரையைப் பாருங்கள். ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அலைதாங்கிச் சுவர் அதை மறித்தது. துறைமுகத்தின் வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிக்கப்பட்டது, தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. துறைமுக வாயோ மணலால் அடைபட்டது, படகு போக முடியவில்லை. பிறகு மீனவர் "மணலைத் தோண்டு" என்று நின்றார்கள். காணி இழந்தவர்கள் "கரைக்குத் தீர்வு சொல்லாமல் தோண்டாதே" என்று நின்றார்கள். இரண்டு பக்கமும் எங்கள் உறவினர்கள்தான்! என் மாமா படகுக்காரர், என் வாப்பாவின் காணி கரையில். கரையோர மணல் நகர்வைக் கணிக்கும் சமன்பாட்டை எழுத எனக்குத் தெரியும். இந்த இரு தரப்பையும் ஒரு மேசையில் இருத்தத் தெரியாது. அதைத் தெரிந்தவர் கலைப்பீடத்தில் இருக்கலாம். அவரை நான் சந்திக்க எந்த ஏற்பாடும் இல்லை.

வட்டவிதானை மகள்

படுவான்கரையில் பாடசாலை ஆசிரியை. அப்பா வட்டவிதானை, அதாவது வயல்களுக்கு நீர் பகிரும் பொறுப்பாளராக இருந்தவர். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் விரல் நுனியில் இருந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர்களை எங்கள் ஊர் நிறையக் கண்டிருக்கிறது. வினாக்கொத்துடன் வருவார்கள். "மாத வருமானம் என்ன, எத்தனை ஏக்கர், கடன் உண்டா?" தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து "நீங்கள் சொன்னதிலிருந்து இதைக் கண்டோம்" என்று சொன்னவர்களை நான் கண்டதில்லை. ஒரு துறையிலிருந்து வந்து இப்படிச் செய்தவர்கள், ஆறு துறையிலிருந்து சேர்ந்து வந்தால் ஆறு வினாக்கொத்து வரும், அவ்வளவுதான்.

ஆகவே என் நிபந்தனைகள். பெரும்போக அறுவடை நேரத்தில் வராதீர்கள். ஊருக்குள் வருமுன் கமக்காரர் அமைப்பிலும் மீனவர் சங்கத்திலும் பேசுங்கள். முடிவைத் தமிழில், எங்கள் கோயில் மண்டபத்தில், எங்கள் முன்னால் வாசியுங்கள். எங்கள் ஆட்கள் "இது பிழை" என்றால் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் புள்ளி போடுங்கள்.

சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் செய்தவர்கள் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரோடும் ஊர் இளைஞர்களோடும் இருந்து, அவர்களின் முடிவுப்படி மாற்றங்களைச் செய்தார்கள். ஆய்வும் ஊர்வேலையும் ஒன்றாக நடந்தன. நம் மாவட்டத்தில் முன்மாதிரி இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

எழுவான்கரை

எல்லாவற்றையும் வாசித்தேன். வட்டவிதானை மகள் கேட்டவை அனைத்தையும் நிபந்தனையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய இரசாயனம் ஐயாவுக்கு: ஆழம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆழம் முடிந்த பிறகு சந்திப்பு என்று ஒத்திவைத்தால் சந்திப்பு நடப்பதே இல்லை. அம்பாறையின் கல்லோயாவை நினைத்துப் பாருங்கள். 1949 இல் தொடங்கிய நீர்ப்பாசனத் திட்டம். இங்கினியாகலையில் அணை, சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம், நீண்ட வாய்க்கால்கள், எல்லாம் பொறியியலில் ஆழமானவர்கள் கட்டியவை. முப்பது வருடத்தில் இடதுகரை வாய்க்கால்கள் சீரழிந்து கடைமடைக்குத் தண்ணீர் போகாத நிலை. 1980களின் தொடக்கத்தில் அதைத் திருத்த வந்தபோது நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துச் சமூக விஞ்ஞானிகளும் சேர்ந்தார்கள். இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பி அங்கேயே வாழ வைத்தார்கள். அவர்கள் வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகளைக் கூட்டினார்கள். கொங்கிறீற் வேலை முடியுமுன்னரே விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கி முறை வைத்துத் தண்ணீர் பகிரத் தொடங்கினார்கள். தலைமடையில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர், கடைமடையில் தமிழ் பேசுவோர். 1980களில், நாடு எரிந்துகொண்டிருந்த காலத்தில், இந்த ஏற்பாடு நின்றது. அம்பாறையிலேயே நடந்த இதை அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் எத்தனை விரிவுரை மண்டபங்களில் பேசுகிறோம்? எனக்கு மனம் கொதிக்கிறது.

அந்த அமைப்பாளர்கள் பேராசிரியர்கள் அல்ல, முதற் பட்டம் மட்டும் பெற்றவர்கள். இளமாணி மாணவரால் முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

மொழிக்கு: குழுவுக்குள் எந்த மொழியிலும் பேசட்டும், எழுதுவது ஒவ்வொருவரும் தத்தம் மொழியில். ஊருக்கான அறிக்கை தமிழில், அதை எழுதும் பொறுப்பு விஞ்ஞான, விவசாய மாணவருக்கு. ஆங்கிலக் கட்டுரைகளை வாசித்துச் சுருக்கும் பொறுப்பு கலைப்பீட மாணவருக்கு. சிங்கள மாணவர்கள் கல்லோயாப் பக்கக் களத்தை எடுத்தால் அங்கே அவர்களே வழிகாட்டிகள். மூன்றாம் வருடம் சொன்ன திணறல் தீர வேண்டுமென்றால் தமிழில் எழுதித்தான் தீர வேண்டும்.

மூன்றாம் வருடம்

அப்படியென்றால் நான் வருகிறேன் சேர். ஆனால் என் நண்பர்கள் கேட்பார்கள், இதனால் வேலை கிடைக்குமா என்று. 2017 இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் பட்டதாரிகள் வேலை கேட்டுப் போராட்டம் இருந்ததை நாங்கள் பாடசாலை உடுப்போடு பார்த்துக்கொண்டு போனவர்கள்.

நீரியல்

மகளே, அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பிரதேச செயலகத்துக்குப் போனால் முதல் வெள்ளத்திலேயே இந்த முகத்துவாரக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். நியமனத்தை இந்தப் பாடம் பெற்றுத் தராது. கிடைத்த பிறகு அந்தக் கோப்பை வாசிக்கத் தெரியும்.

பரீட்சைக் கிளை

நடைமுறையைப் பேசுவோம், ஏனெனில் இங்கேதான் நல்ல யோசனைகள் இறந்துபோகின்றன.

நான் வேலை செய்த இடத்தில் ஆய்வேடு தனிநபர் ஆக்கமாக இருக்க வேண்டும் என்பது விதி. குழு ஆய்வேடு என்று கேட்டால் பீடச் சபை, மூதவை, பேரவை என்று போய் வர உங்கள் மாணவர்கள் பட்டம் பெற்றுவிடுவார்கள். விதியை மாற்றத் தேவையில்லை. ஒரே களம், ஒரே காலம், பொதுவான தரவு. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் தன் துறையில் தனி ஆய்வேடு, தன் துறை மேற்பார்வையாளர். விலங்கியல் மாணவி இறால் குஞ்சை எழுதுவார், புவியியல் மாணவர் நீர்மட்டத்தை, சமூகவியல் மாணவர் கச்சேரிக் கூட்டத்தை. அத்தோடு எல்லோர் ஆய்வேட்டிலும் ஓர் அத்தியாயம், "மற்றத் துறையின் கண்டுபிடிப்பு என் முடிவை எங்கே மாற்றியது" என்பது பற்றி. அந்த அத்தியாயத்தை மற்றத் துறை ஆசிரியர் திருத்துவார். பழைய இரசாயனம் ஐயா கேட்ட ஆழம் அப்படியே இருக்கும். கைபேசி பார்க்கும் ஆசிரியருக்கும் இடமில்லை, திருத்த வேண்டிய தாள் அவர் கையில் இருக்கும்.

கிரெடிட் கணக்கு: இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 கற்றல் மணித்தியாலம், சுய வேலையும் சேர்த்து. மூன்று கிரெடிட் என்றால் 150. ஊருக்குப் போய் வருவது, கூட்டத்தில் இருப்பது, கோயில் மண்டபத்தில் வாசிப்பது எல்லாவற்றையும் அதற்குள் எழுதிக் காட்டலாம். மேலதிகச் சுமை என்று எவரும் சொல்ல முடியாதபடி எழுதுங்கள்.

பழைய இரசாயனம்

இந்த வடிவத்தை நான் எதிர்க்கவில்லை. "மற்றத் துறை என் முடிவை எங்கே மாற்றியது" என்ற அத்தியாயம் கடினமானது, அதனால்தான் பிடித்திருக்கிறது. முதல் இரண்டு வருடப் பாடங்களில் ஒரு மணித்தியாலம் கூடக் குறையக் கூடாது என்ற என் நிலையில் மாற்றமில்லை. உவர்த்தன்மை அளவீட்டை நான் கற்பிக்கத் தயார், ஊதியம் வேண்டாம். கருவியை ஒவ்வொரு முறையும் நியமக் கரைசலால் சரிபார்க்காத மாணவனைக் களத்துக்கு அனுப்ப மாட்டேன்.

நிந்தவூர் பொறியியல்

எங்கள் பக்கத்தில் இருவர் தயார், ஒலுவில் கரையை எடுப்போம். மட்டக்களப்புக் குழுவோடு தரவுப் படிவம் ஒன்றாக இருந்தால் இரண்டு களத்தையும் ஒப்பிடலாம். படிவத்தை யார் எழுதுவது?

இறால் குஞ்சு

உயிரியல் பகுதியை நான் எழுதுகிறேன். நீரியல் ஐயா மட்ட அளவீட்டுப் பகுதியைத் தந்தால் நன்று. இன்னொன்று: முகத்துவாரம் முன்னர் எந்தெந்த நாட்களில் வெட்டப்பட்டது என்ற பட்டியல் வேண்டும். கச்சேரிக் கோப்பில் இருப்பது போக, மீனவர் சங்கங்களின் கூட்டக் குறிப்புப் புத்தகங்களில் தேடலாம்.

வட்டவிதானை மகள்

எங்கள் கமக்காரர் அமைப்பிலும் பழைய குறிப்புப் புத்தகங்கள் இருக்கின்றன. தலைவரிடம் கேட்டேன். வெளியே கொண்டுபோக விடமாட்டார், வந்து இருந்து பார்த்து எழுதலாம் என்றார். பிள்ளைகளோடு ஆசிரியரும் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று அமைப்பின் கூட்டம்.

எழுவான்கரை

சனிக்கிழமை காலை வருகிறோம். மூன்றாம் வருடம், கலைப்பீடத்தில் இருவரை உங்களோடு சேர்த்துவிடுகிறேன், பயணத்துக்கு முன் ஒரு முறை சந்தியுங்கள். பரீட்சைக் கிளை எழுதிய வடிவத்தை அடுத்த பீடச் சபைக்குக் கடிதமாக்கி இங்கே முதலில் இடுகிறேன். பழைய இரசாயனம் ஐயா அதில் கையை வைத்துத் திருத்தித் தர வேண்டும்.

பழைய இரசாயனம்

இடுங்கள். திருத்துகிறேன்.